வணிகமும் வாய்மொழிச் செம்மையும்: இலங்கை வானொலி வர்த்தக சேவையின் தமிழ்

தமிழ் உரைநடை வளர்ச்சியை எழுதுவோர் அச்சுக்குத் தரும் இடத்தை ஒலிபரப்புக்குத் தருவதில்லை. வணிக ஒலிபரப்புக்கு அதனினும் குறைவு. விளம்பரம் மொழியைச் சிதைக்கும் என்னும் எண்ணம் முன்னே வந்து நிற்கிறது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை இவ்வெண்ணத்துக்கு மாறான சான்று. அதன் அறிவிப்புத் தமிழ் செம்மையாக அமைந்ததற்கு அதன் வணிகத் தேவையே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கொழும்பில் 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் தந்தித்துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர். இரண்டாம் உலகப்போரின்போது நேசநாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமை, தன் படையினருக்கென 'ரேடியோ சியாக்' என்னும் நிலையத்தை அங்கிருந்து நடத்தியது. போருக்குப்பின் ஏக்கலவில் இருந்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஒரு தீவின் தேவைக்கு மிகப் பெரிய கருவி அது. 1950 செப்டம்பர் 30 அன்று, ஆஸ்திரேலியரான கிளிஃபர்ட் டாட் பொறுப்பில் வர்த்தக சேவை தொடங்கியபோது, விற்பதற்கு அந்நிலையத்திடம் இருந்த சரக்கு இத்தொலைவுதான்.

வாங்குவோரை இந்திய அரசே அனுப்பிவைத்தது எனலாம். 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைப் பெரிதும் குறைத்தார். அவ்வாண்டின் இறுதியில் பற்பசை நிறுவனம் ஒன்றன் ஆதரவில் 'பினாக்கா கீத்மாலா' கொழும்பிலிருந்து ஒலித்தது. இந்தி நிகழ்ச்சி பம்பாயில் பதிவாகிக் கொழும்பு சென்று இந்தியாவுக்கே திரும்பி வந்தது. தமிழிலும் நேயர்கள் அத்திசைக்கே திரும்பினர். கேஸ்கரின் கொள்கைக்கு விடையாக 1957இல் விவித பாரதி தோன்றியது. அதில் விளம்பரம் இடம்பெற 1967 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூருக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். வளிமண்டல மேலடுக்கில் பட்டுத் திரும்பும் சிற்றலைக்கு அது தொலைவன்று. ஆனால் அவ்வலை தேய்ந்தும் மிகுந்தும் வரும், இரைச்சலும் கலக்கும். அத்தகைய ஒலியில் சொல் புலப்பட வேண்டுமானால் ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் திருத்தமாக ஒலித்தல் வேண்டும். சொல்லிறுதி விழுங்கப்படலாகாது.

இதனினும் வலிய காரணம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், இலங்கை முஸ்லிம்கள், தமிழகம் எனப் பல வழக்கினரும் ஒரே நேரத்தில் கேட்டனர். இவற்றுள் ஒன்றன் பேச்சைத் தேர்ந்தால் ஏனைய சந்தைகள் விலகும். எவர்க்கும் உரியதாகவும் எவர்க்கும் மட்டுமே உரியதாகாததாகவும் இருந்தது எழுத்துவழக்கை ஒட்டிய தமிழே. நாடகங்களில் வட்டாரப் பேச்சு வந்ததுண்டு. அறிவிப்பில் அதற்கு இடம் மிகக் குறைவு. இச்செம்மையை ஆறுமுக நாவலர் வழிவந்த யாழ்ப்பாணக் கல்விமரபின் விளைவாக மட்டும் கொள்வது பொருந்தாது. அம்மரபு பயிற்சி தந்திருக்கலாம். எனினும் இத்தமிழின் தலைசிறந்த குரல்களுள் ஒருவரான பி. எச். அப்துல் ஹமீத் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் நடையால் வேறுபட்டன. ராஜாவின் விரைவு வேறு, ராஜேஸ்வரியின் நிதானம் வேறு. ஆயினும் அனைவரும் நின்ற மொழித்தளம் ஒன்றே.

நிகழ்ச்சிப் பெயர்களிலும் இது புலனாகும். 'பொங்கும் பூம்புனல்' கிளையெழுத்து மோனை அமைந்தது. 'இசையும் கதையும்' கதையினிடையே திரைப்பாடல்களைக் கோத்தது. உரையும் பாட்டும் கலந்து செல்லும் இவ்வமைப்பு சிலப்பதிகாரம் முதல் நமக்குப் பழக்கமானதே. (சேவையின் பெயரில் மட்டும் 'வணிகம்' நுழையாமல் 'வர்த்தகம்' நிலைத்துவிட்டது வியப்பு.)

2003இல் சென்னையில் தொடங்கிய தனியார் பண்பலை நிலையங்கள் இவ்வாதத்தை மறுபுறமிருந்து உறுதிசெய்கின்றன. பண்பலை ஒரு நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டுவதில்லை. எனவே அந்நகரின் பேச்சே அதற்குப் போதுமான மொழியாயிற்று. வணிகம் அதே, சந்தையின் பரப்பு வேறு.

ஒலிநாடாவில் பதியாத அன்றாட அறிவிப்புகள் காற்றோடு போயின. எஞ்சியிருப்பது கேட்டவர் நினைவு. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் அறுபதைக் கடந்தோரிடம் எப்பாடலைக் கேட்டீர்கள் என்று வினவுவதினும், எந்தச் சொல்லை வானொலியில் முதன்முதலாகக் கேட்டீர்கள், அறிவிப்பாளர் அதை எவ்வாறு ஒலித்தார் என்று வினவுவதே மொழி வரலாற்றுக்குப் பயன்படும் களப்பணி. அதற்குரிய காலம் ஒரு தலைமுறை அளவுகூட இல்லை.