மூன்று நாய்கள், ஒரு மனிதர், 21 கிலோமீற்றர்! தெரியுமா?

கண் தெரியாத ஒருவர் 21 கிலோமீற்றர் தூரத்தை ஓடியே முடித்தார். கையில் வெள்ளைப் பிரம்பு இல்லை. கயிறு பிடித்துக் கூட ஓடும் ஆளும் இல்லை. அப்படியென்றால் வழிகாட்டியது யார்? நாய்கள்! ஒன்றல்ல, மூன்று!

2019 மார்ச் 17, நியூயோர்க் நகரின் அரை மரதன். ஓடியவர் தோமஸ் பானெக். இருபதுகளின் தொடக்கத்திலேயே பார்வையை இழந்தவர். நாய்களின் பெயர் வொஃபிள், வெஸ்ட்லி, கஸ். மூன்றும் லப்ரடோர் இனம். வொஃபிளும் வெஸ்ட்லியும் கூடப்பிறந்தவை! முதல் பகுதிக்கு வொஃபிள், நடுப்பகுதிக்கு வெஸ்ட்லி, கடைசிப் பகுதிக்கு கஸ் என்று அஞ்சலோட்டம் மாதிரி ஆள் மாற்றி, இல்லை இல்லை, நாய் மாற்றி ஓடினார் பானெக்!

புரூக்ளினில் தொடக்கம், சென்ட்ரல் பூங்காவில் முடிவு. எடுத்த நேரம் சுமார் 2 மணி 20 நிமிடம். பதுளை டவுனில் இருந்து பசறைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அந்த 21 கிலோமீற்றரும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்! முன்னும் பின்னும் பல்லாயிரம் பேர் ஓடிக்கொண்டிருக்க, ஒருவரையும் இடிக்காமல் அந்தக் கூட்டத்துக்குள் சந்து கண்டுபிடித்தது நாய். அந்த அரை மரதனை நாய்களின் துணையோடு முடித்த முதல் ஆள் இவர்தான்!

அதோடு விட்டாரா? கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கிக் கொடுக்கும் ஓர் அமைப்புக்கே தலைவராக இருந்தவர் அவர். நடக்கப் பழகிய நாய்களை ஓடவும் பழக்கும் திட்டம் 2015இல் அங்கேதான் தொடங்கியது!

சரி, எதற்கு மூன்று நாய்? நாயால் 21 கிலோமீற்றர் ஓட முடியாதா என்று கேட்கிறீர்களா? நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதனால் ஒரே நாயை அத்தனை தூரம் விரட்டக்கூடாது. நியூயோர்க்கின் மார்ச் மாதக் குளிரிலேயே இந்த முன்யோசனை! மொனராகலை, வெல்லவாய வெயிலில் மத்தியான நேரம் ஒரு லப்ரடோரை ஓட விட்டால் என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள்!

வழிகாட்டி நாயின் முதுகில் பட்டியோடு சேர்ந்து விறைப்பான ஒரு கைப்பிடி இருக்குமே, அது எதற்குத் தெரியுமா? நாயை இழுத்துப் பிடிக்க அல்ல! நாய் சேதி சொல்வதே அதன் வழியாகத்தான். நாயின் தோள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால் கைப்பிடியும் சாயும், பிடித்திருக்கும் கைக்கு அது உடனே தெரியும். வேகம் குறைந்தால் முன்னால் மேடு. நின்றுவிட்டால் படி, கான் அல்லது ரோட்டின் விளிம்பு. மனிதர் காலால் தடவிப் பார்த்து, அது இன்னதென்று தெரிந்த பிறகுதான் போகச் சொல்வார். ஓடும்போதும் இதே பேச்சுத்தான், ஆனால் எல்லாம் கண நேரத்தில்!

இன்னொன்று கேளுங்கள். தலை உயரத்தில் ஒரு மரக்கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது. நாயின் உயரத்துக்கு அதன் கீழே தாராளமாகப் புகுந்து போகலாம். ஆனால் போகாது! கூட வருகிறவரின் தலை இடிக்குமா என்று கணக்குப் போட்டு விலகிப் போகும். தன் உயரத்தோடு இன்னொருவரின் உயரத்தையும் மனதில் வைத்துக்கொண்டு நடக்கிறது அந்த வாயில்லா ஜீவன்!

வழி தெரிந்தது நாய்க்கு என்றுதானே இவ்வளவு நாளும் நினைத்தீர்கள்? இல்லை! எங்கே போகவேண்டும், எந்தச் சந்தியில் திரும்பவேண்டும் என்பதெல்லாம் மனிதரின் தலைக்குள் இருக்கும் வரைபடம். வீதிச் சமிக்ஞை விளக்கின் சிவப்பும் பச்சையும் கூட நாய்க்குச் சரியாகப் பிரித்துத் தெரியாது! வாகனச் சத்தத்தைக் காதால் கேட்டு, ‘போ’ என்று சொல்வது மனிதர்தான். ஆனால் ‘போ’ என்ற பிறகு ஒரு கார் பாய்ந்து வந்தால்? நாய் அசையாது! எத்தனை தரம் சொன்னாலும் கேட்காது! எசமான் சொல்லை மீறுவதற்கும் அதற்குப் பயிற்சி உண்டு. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் வேறில்லை. சொன்னதைச் செய்யத்தான் எல்லா நாயையும் பழக்குகிறோம், சொன்னதைச் செய்யாமல் இருக்க எத்தனை நாய்க்குத் தெரியும்?

சிறுநீர், மலம் கழிப்பது கூட சொன்னால்தான்! குட்டியிலேயே அப்படிப் பழக்கிவிடுகிறார்கள். முதல் ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு குடும்பத்தில் செல்லமாக வளர்ந்து, பிறகு மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்து, இரண்டு வயது வாக்கில் வேலைக்கு வரும். பட்டியை மாட்டினால் வேலை. கழற்றினால் விளையாட்டு! அதனால்தான் பட்டி போட்ட நாயைத் தடவாதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள் என்கிறார்கள்.

நம் பக்கத்தில் நாய்க்கா பஞ்சம்? லயத்துக்கு லயம் நாய்தான்! ஆனால் வழிகாட்டி நாய் நம் ரோட்டில் இறங்கினால் முதலில் சந்திநாய்கள் சூழ்ந்துகொள்ளும். நடைபாதை இல்லாத தோட்டத்து ரோடு, வளைவுக்கு வளைவு பஸ், ஒரு பக்கம் பள்ளம். அதுதான் என் மனக்குறை. ஆளுக்கும் நாய்க்கும் திறமை மட்டும் போதாது, கால் வைக்க ஒழுங்கான ஓரமும் வேண்டுமே!

வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளிக்கூடம் முதன்முதலில் எப்போது பிறந்தது தெரியுமா? 1916இல், ஜேர்மனியின் ஓல்டன்பேர்க்கில்! முதலாம் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக. 1928இல் மொரிஸ் பிராங்க் என்ற 20 வயது அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்து போய் ஒரு ஜேர்மன் ஷெப்பர்ட் பெட்டையோடு பழகித் திரும்பினார். நியூயோர்க்கில் கப்பலை விட்டு இறங்கினால் பத்திரிகைக்காரர் கூட்டம்! ‘முடிந்தால் இந்த ரோட்டைக் கடந்து காட்டு’ என்றார்கள். வாகனங்கள் சீறிக்கொண்டிருந்த வீதியை நாயோடு கடந்தே காட்டினார்! சுவிட்சர்லாந்துக்கு அவர் அனுப்பிய தந்தியில் இருந்தது ஒரே ஒரு சொல்: வெற்றி! அந்த நாயின் பழைய பெயர் என்ன தெரியுமா? கிஸ்! நடுரோட்டில் ‘கிஸ், கிஸ்’ என்று கூப்பிட வெட்கப்பட்டு, ‘படி’ (Buddy) என்று மாற்றிவிட்டார். அதற்குப் பின் வந்த நாய்களுக்கும் ‘படி’ என்றே பெயர் வைத்தார்!

பராலிம்பிக்கில் நாய் ஓடலாமா? கூடாது! தடகளத்தில் மனிதர்தான் வழிகாட்டி. இருவர் கையையும் ஒரு குட்டைக் கயிறு இணைக்கும். பிரித்தானியாவின் லிபி கிளெக் 2016இல் ரியோவில் 100 மீற்றர், 200 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றார். 100 மீற்றரை 11.91 செக்கனில் ஓடி உலக சாதனையும் படைத்தார்! மைதானத்துக்குள் துணை ஓட்டக்காரர் கிறிஸ் கிளார்க். மைதானத்துக்கு வெளியே? ஹட்டி என்ற வழிகாட்டி நாய்!

அந்தக் கயிற்றின் சட்டம் எவ்வளவு கடுமை தெரியுமா? 2024 பாரிஸ் மரதனில் ஸ்பெயினின் எலேனா கொங்கோஸ்ட் மூன்றாவதாக வந்தார். முடிவுக் கோட்டுக்குச் சில மீற்றர் முன்னால் துணை ஓட்டக்காரருக்குத் தசை பிடித்துக்கொண்டது. அவர் விழப்போகிறாரே என்று தாங்கிப் பிடிக்க ஒரு கணம் கயிற்றை விட்டார். அவ்வளவுதான், அன்றைக்கு வெண்கலப் பதக்கம் போயிற்று! படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது.

நீச்சலில் இன்னும் விசித்திரம்! சுவர் வரும்போது நீந்துகிறவரின் உடம்பில் நீண்ட கோலால் ஒருவர் தட்டுவார். அந்தத் தட்டுத்தான் சைகை! 2021இல் தோக்கியோவில் 17 வயது அமெரிக்கப் பெண் அனஸ்தேசியா பகோனிஸ் 400 மீற்றரை 4 நிமிடம் 54.49 செக்கனில் நீந்தி உலக சாதனையோடு தங்கம் எடுத்தார். அவருடைய வழிகாட்டி நாயின் பெயர் ரேடார்!

நம் நாட்டில்? இரத்மலானையில் இருக்கும் விழிப்புலனற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடம் 1912இலேயே தொடங்கிவிட்டது! விழிப்புலனற்றவர்கள் கிரிக்கெட்டும் ஆடுகிறார்கள். பந்துக்குள் உலோகக் குண்டுகள் கலகலக்கும், காதால் பார்த்து அடிக்க வேண்டும்! 2025 நவம்பரில் விழிப்புலனற்ற பெண்களின் முதலாவது ரி20 உலகக் கிண்ண இறுதிப்போட்டி நடந்ததும் எங்கே? கொழும்பு சரவணமுத்து மைதானத்தில்! கிண்ணம் இந்தியாவுக்கு.

சரி, மறுபடி நாய்களிடம் வருவோம். ஒரு நாய், மூன்று நாய் எல்லாம் என்ன பெரிது? அலாஸ்காவின் பனியில் சுமார் 1,600 கிலோமீற்றர் நீளும் இடிட்டரொட் என்ற சறுக்குவண்டிப் போட்டியில் வண்டிக்கு 16 நாய்கள் வரை பூட்டினார்கள்! பார்வை மிகக் குறைந்த ரேச்சல் ஸ்கடோரிஸ் 2006இல் அந்தப் போட்டியை ஓட்டி முடித்தார். முன்னால் இன்னொரு வண்டியில் ஒருவர் போய், வழியில் என்ன இருக்கிறது என்று வானொலிக் கருவியில் சொல்லிக்கொண்டே வந்தார்!

பில் அர்வின் கதை தெரியுமா? 1990இல், 50 வயதில், அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைப்பாதை முழுவதையும் நடந்து முடித்தார்! சுமார் 3,400 கிலோமீற்றர்! தேவேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறைக்கு நேர்கோடு போட்டால், அதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு! 14 மாநிலங்கள், எட்டு மாதத்துக்கும் மேல். மலை, ஆறு, பாறை, பனி. கண் துளியும் தெரியாது. எத்தனை தரம் விழுந்தார் தெரியுமா? கிட்டத்தட்ட 5,000 தரம்! விழ விழ எழுந்தார். கூடவே ஓரியன்ட் என்ற ஜேர்மன் ஷெப்பர்ட், முதுகில் தன் மூட்டையைத் தானே சுமந்துகொண்டு! பாதையில் இவர்களைக் கண்ட மலையேறிகள் இந்த ஜோடிக்கு வைத்த பெயர்: ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்!