மன்னிப்பு வேறு, இழப்பீடு வேறு

சாலை எல்லாருக்கும் பொது. செல்வரும் வறியவரும், சரக்கு லாரியும் மிதிவண்டியும் அங்கே ஒரே தளத்தில் செல்கின்றனர். ஆயினும் மோதல் என்று ஒன்று நேரும்போது அந்தச் சமத்துவம் மறைந்துவிடுகிறது. காருக்குள் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு உண்டு. இருசக்கர வண்டியில் செல்பவருக்கோ தலையில் ஒரு கவசம் மட்டுமே காவல், அதுவும் அணிந்திருந்தால்தான். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குத் தந்தது. அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல்!

சாரம் பகுதியில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மாலை வேளையில் காமராஜர் சாலையில் சற்று நின்று பார்த்தால் போதும். வேலை முடிந்து வீடு திரும்பும் இளைஞர், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் தாய், காய்கறி மூட்டையைக் கட்டிக்கொண்டு போகும் சிறு வியாபாரி ஆகிய எல்லாரும் இருசக்கர வண்டிகளில்தான் செல்கின்றனர். சனி, ஞாயிறு வந்துவிட்டால் வெளியூர்க் கார்களும் சேர்ந்துகொள்கின்றன. வழி தெரியாத ஓட்டுநருக்கு ஒரு கண் சாலையில், மறு கண் கைப்பேசி காட்டும் வரைபடத்தில். இந்திரா காந்தி சதுக்கத்தில் எப்பக்கம் திரும்புவது என்று அவர் திரையில் தேடும் அந்த நொடியில், இடப்பக்கம் வரும் மொபெட் அவர் கண்ணுக்குப் படுவதில்லை.

கண் திறந்திருந்தும் காணாமை

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தூரம் கடந்துவிடுகிறது. வந்த செய்தியைப் பார்க்க மூன்று நொடி தலை குனிந்தால், 50 மீட்டர் தூரம் அந்தக் கார் ஓட்டுநர் இல்லாமல் ஓடியதற்குச் சமம். வேகத்தை 40ஆகக் குறைத்தாலும் மூன்று நொடியில் 33 மீட்டர். நம் தெருக்களில் அந்த இடைவெளிக்குள் எத்தனை வீட்டு வாசல்கள், எத்தனை குழந்தைகள்!

கவனம் மூன்று வகையில் சிதறுகிறது. கண் சாலையை விட்டு விலகுவது ஒன்று. கை திசைமாற்றியை விட்டு விலகுவது மற்றொன்று. மனம் வேறிடத்தில் இருப்பது மூன்றாவது. "நான் கையில் பிடிக்கவில்லை, காதில் மாட்டித்தான் பேசினேன்" என்பவர் முதல் இரண்டிலிருந்து தப்பலாம், மூன்றாவதிலிருந்து தப்புவதில்லை. தொலைவில் இருப்பவரோடு வாக்குவாதம் செய்யும் மனம், எதிரே வரும் வண்டியைக் கண் பார்த்தாலும் உணர்வதில்லை. பின்னால் யார் வருகிறார் என்று கண்ணாடியில் நோக்காமல் நிறுத்திய காரின் கதவைத் திறப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த குற்றமே. தலைக்கவசத்திற்குள் கைப்பேசியைச் செருகிக்கொண்டு பேசிச் செல்லும் நம் பிள்ளைகளும் இதில் விலக்கல்லர்.

கைப்பேசியால் நேர்ந்தவை என்று 2022இல் பதிவான மரணங்கள் 3,395. தான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தானே முன்வந்து சொல்லும் ஓட்டுநர் அரியர். ஆதலின் பதிவாகாதவை இன்னும் பல இருக்கும் என்றே கொள்ள வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை "அபாயகரமான ஓட்டுதல்" என்றே வகுத்துள்ளது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பழைய நீதி, புதிய சட்டம்

"வேண்டுமென்றா செய்தார்? தெரியாமல் நடந்துவிட்டது" என்பது விபத்துக்குப் பின் நாம் வழக்கமாகக் கேட்கும் சொல். ஆனால் தெரியாமல் செய்த தீங்குக்கும் பொறுப்பு உண்டு என்பது மனித குலத்தின் பழைய நீதி. திருவாரூர்த் தெருவில் இளவரசனின் தேர்க்காலில் கன்று ஒன்று சிக்கி மாண்டது. இளவரசன் அதைக் கொல்ல நினைத்தவனல்லன். ஆயினும் தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது, மனுநீதிச் சோழன் "அவன் கவனிக்கவில்லை" என்று சொல்லித் தப்பவில்லை. விவிலியத்தில் விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம், அடிபட்டுப் படுக்கையில் கிடந்தவன் வேலை இழந்த நாள்களுக்கு ஈடு தரவும், அவன் குணமடையும் வரை சிகிச்சைச் செலவை ஏற்கவும் கட்டளையிடுகிறது. இன்றைய இழப்பீட்டுச் சட்டத்தின் இரு தூண்கள் இவையே அல்லவா?

நம் புதுச்சேரிக்கு இதில் தனி வரலாறும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கு நிலவிய 1804ஆம் ஆண்டுச் சிவில் சட்டத் தொகுப்பின் 1382, 1383ஆம் பிரிவுகள், பிறருக்குத் தீங்கு விளைவித்தவர் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்றும், அந்தக் கடமை செயலுக்கு மட்டுமன்றிக் கவனக்குறைவுக்கும் உண்டு என்றும் வகுத்திருந்தன. இன்று நம்மை ஆள்வது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். சட்டம் மாறிற்று, நீதி மாறவில்லை.

விபத்து நேர்ந்தவுடன்

முதற்கடமை உயிரைக் காப்பது. 108க்கோ 112க்கோ அழையுங்கள். அடிபட்டவரைத் தூக்கிச் செல்வோருக்குத் தொல்லை வரும் என்ற அச்சம் இனி வேண்டாம். சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவி செய்தவரை உரிமையியல், குற்றவியல் வழக்குகளிலிருந்து காக்கிறது. தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அத்தகையவருக்குச் சட்டம் இட்ட பெயரே "நல்ல சமாரியன்" என்பதுதான். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றவருக்கு அதற்கென அமைந்த மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, 1,50,000 ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு.

அடுத்தது, சான்றுகளைக் காப்பது. மோதிய வண்டியின் எண், இடம், நேரம், பார்த்தவர்களின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டிகளை நகர்த்துமுன் இயன்றால் படம் எடுங்கள். அருகிலுள்ள கடைகளில் கண்காணிப்புக் கேமரா இருப்பின், பதிவு அழியுமுன் போலீசாருக்குத் தெரிவியுங்கள். இது சாலை விபத்து என்பதை மருத்துவமனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மருந்துக் கடை ரசீது முதல் ஆட்டோக் கூலி வரை அனைத்தையும் ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். போலீஸ் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானதும் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கட்டணமின்றிப் பெறுவது உங்கள் உரிமை.

பலர் தவறுவது இங்கேதான். சாலை ஓரத்திலேயே பெரிய மனிதர் இருவர் கூடி, "ஐயாயிரம் வாங்கிக்கொள்ளுங்கள், கேஸ் எதற்கு?" என்று முடித்துவிடுகின்றனர். அன்று வெறும் சிராய்ப்பாகத் தெரிந்தது மறுவாரம் முழங்கால் அறுவைச் சிகிச்சையாக மாறலாம். அப்போது கையில் ஒரு தாளும் இராது.

இரண்டு வழக்குகள்

ஒரே விபத்திலிருந்து இரண்டு வழக்குகள் பிறக்கின்றன என்பதைப் பலர் அறியார். ஒன்று குற்ற வழக்கு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு அஜாக்கிரதையாக ஓட்டியதற்கும், 125ஆம் பிரிவு காயம் விளைவித்ததற்கும், 106ஆம் பிரிவு மரணம் விளைவித்ததற்கும் உரியவை. இவ்வழக்கை நடத்துவது அரசு. மற்றொன்று இழப்பீட்டு வழக்கு. இதைத் தொடுப்பவர் காயமுற்றவரோ, மாண்டவரின் குடும்பமோ. இதனை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலை பெற்றாலும் இழப்பீட்டு வழக்கு அதனால் மட்டும் வீழ்ந்துவிடாது. ஏனெனில் முன்னதற்கு வேண்டிய அளவு கடுமையான சான்று பின்னதற்குத் தேவையில்லை.

விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்திலோ, நீங்கள் வாழும் இடத்துத் தீர்ப்பாயத்திலோ மனுச் செய்யலாம். திண்டிவனத்தில் அடிபட்டவர் புதுச்சேரியிலேயே வழக்குத் தொடரலாம். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. இவ்விதியை எதிர்த்த வழக்கில், காலம் கடந்தது என்ற காரணத்தால் மட்டும் மனுக்களைத் தள்ளலாகாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை இட்டது. எனினும் அதை நம்பிக் காலந்தாழ்த்த வேண்டாம்.

யார் தவறு என்று நிறுவாமலே பெறக்கூடிய தொகையும் உண்டு. 164ஆம் பிரிவின்படி மரணத்திற்கு 5 லட்சம், கொடுங்காயத்திற்கு 2.5 லட்சம் ரூபாய். ஆனால் எச்சரிக்கை: இதை ஏற்றுக்கொண்டால், தவறை நிறுவி முழு இழப்பீடு கேட்கும் 166ஆம் பிரிவு மனு காலாவதியாகிவிடும். மோதிய வண்டி நிற்காமல் ஓடி, எதுவென்றே தெரியாமற்போனால், அரசு நிதியிலிருந்து மரணத்திற்கு 2 லட்சம், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய் பெற வழியுண்டு.

முழு இழப்பீடு எவ்வளவு இருக்கும்? 34 வயதுக் கொத்தனார் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டி, மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகிய நால்வரைக் காத்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவாக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய். இது உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும், 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்துத் தந்த கணக்கு. சாலை ஓரச் சமரசத்தில் கைவிடப்படுவது எது என்று இப்போது விளங்குகிறதல்லவா?

காயத்திற்கும் இத்தகைய நுண்ணிய கணக்கு உண்டு. கால் ஊனம் எழுத்தரையும் கொத்தனாரையும் ஒன்றுபோல் பாதிப்பதில்லை. உடலில் எவ்வளவு ஊனம் என்பதோடு, அது அவர் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று.

அடிபட்டவர் பக்கமும் தவறு இருந்தால் தொகை அதற்கேற்பக் குறையும். ஆனால் மூவர் ஒரே வண்டியில் சென்றார்கள் என்பதாலேயே குறைத்துவிட முடியாது. அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாயிற்று என்று நிறுவ வேண்டும் என 2020இல் அதே நீதிமன்றம் கூறியது. தலைக்கவசத்தைப் பற்றி நம் ஊரில் நடந்த பூசல்களை எல்லாரும் அறிவோம். 2019 பிப்ரவரியில் அது துணைநிலை ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் இடையே மோதலாகவே வெடித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. அரசியல் எவ்வாறாயினும், 2022இல் தலைக்கவசமின்றி மாண்டவர் 50,029 பேர் என்ற கணக்கு எந்தக் கட்சியையும் சார்ந்ததன்று.

நம் மனத்தின் தயக்கம்

சட்டம் இவ்வளவு வழி திறந்து வைத்திருந்தும், பக்தியுள்ள குடும்பங்கள் சில வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. "மன்னித்துவிட்டோம், சுவாமி, வழக்கு வேண்டாம்" என்கின்றனர். "செத்தவர் பேரில் பணம் வாங்கி உண்பதா?" என்று முதியவர் கேட்கின்றனர். இந்த உள்ளங்களின் தூய்மையை நாம் மதிக்கிறோம். ஆயினும் இங்கே இரு வேறு காரியங்கள் ஒன்றாகக் குழம்பியுள்ளன.

மன்னிப்பு என்பது பழிவாங்கும் எண்ணத்தை உள்ளத்திலிருந்து களைவது. அதை ஒரு தாய் தன் மகனைக் கொன்ற ஓட்டுநருக்குத் தரலாம். தருவது அவளுக்குப் பெருமை. ஆனால் இழப்பீடு அவளுக்கு மட்டும் உரியதன்று. தந்தையை இழந்த குழந்தையின் கல்வியும் சோறும் அதில் அடங்கியுள்ளன. தனக்குரியதை விட்டுக்கொடுப்பது தியாகம். குழந்தைக்குரியதை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை ஏது? மேலும், மோதிய வண்டிக்குக் காப்பீடு இருந்தால் தொகையைத் தருவது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே. ஓட்டுநரும் பிள்ளைகுட்டிக்காரர் என்று இரங்குவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். பிறருக்கு நேரும் தீங்கை ஈடு செய்வதற்காகவே அந்தக் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது.

பணம் வந்தால் உறவினர் பங்கு கேட்பர் என்ற அச்சமும் உண்டு. சிறுவர்களின் பங்கை அவர்கள் வயது வரும்வரை வங்கியில் நிரந்தர வைப்பாக வைக்கத் தீர்ப்பாயங்கள் ஆணையிடுவது வழக்கம். மருத்துவமனை வாயிலில் வந்து பாதிப் பங்கு பேசும் தரகர்களை நம்ப வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தார், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரைத் தருகிறது. அதன் தொலைபேசி எண் 15100. லோக் அதாலத்திலும் இத்தகைய வழக்குகள் பல விரைவில் முடிகின்றன.

வாகனம் உடையோருக்கு ஒரு சொல்

2007ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப் பணி வழிகாட்டி, ஓட்டுநர்களுக்கென்றே பத்துக் கட்டளைகளைத் தந்தது. அதன் முதற்கட்டளை, கொலை செய்யாதே என்பதே. கைப்பேசியைப் பார்த்தபடி வண்டி ஓட்டுவதைப் பாவம் என்று எண்ணிப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்பவர் எத்தனை பேர்? காரை இயக்குமுன் கைப்பேசியைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். வழி பார்க்க வேண்டுமாயின் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும் கணவரையோ மகனையோ "எங்கே இருக்கிறீர்கள்?" என்று வீட்டிலிருந்து அழைப்பதையும் நிறுத்துங்கள்.

இருசக்கர வண்டி உடையோர் இன்றே ஒரு காரியம் செய்யலாம். காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துத் தேதி பாருங்கள். வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போது நேரும் விபத்துக்கான 15 லட்ச ரூபாய்த் தனிநபர் காப்பு அதில் உள்ளதா, பின்னிருக்கையில் அமரும் மனைவிக்கும் பிள்ளைக்கும் காப்பு உண்டா என்று கேட்டறியுங்கள். அந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.