'ஏன் இவ்ளோ நாள் சொல்லல?' - 'சுழல்' நந்தினியின் கடந்தகாலமும் பார்வையாளர்கள் கேட்கும் கேள்விகளும்!

ஒரு க்ரைம் தொடரின் கடைசி எபிசோடு முடிந்ததும் வழக்கமாக வரும் கேள்வி, "கொலையாளி யாருன்னு நீ முன்னாடியே கண்டுபிடிச்சியா?" என்பதுதான். ஆனால் 'சுழல்' முதல் சீசனைப் பார்த்து முடித்தவர்களிடம் இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது. "நந்தினி இதை ஏன் முன்னாடியே யார்கிட்டயும் சொல்லல?"

இந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். (ஸ்பாய்லர் அலர்ட்: தொடரின் முடிவு இங்கே பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

கதை என்ன?

புஷ்கர் - காயத்ரி உருவாக்கத்தில், பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய 'சுழல்', 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் வெளியானது. மொத்தம் 8 எபிசோடுகள். சாம்பலூர் என்ற ஆலை ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நேரத்தில் நிலா என்ற பள்ளி மாணவி காணாமல் போகிறாள். அவளைத் தேடி எஸ்.ஐ. சக்கரை (கதிர்) அலைகிறார். நிலாவின் அக்கா நந்தினியும் (ஐஸ்வர்யா ராஜேஷ்) தன் பங்குக்குத் தேடுகிறார்.

முக்கால்வாசி தொடர் வரை நம் சந்தேகம் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. ஆலை முதலாளி, திருவிழாக் கூட்டம், கடவுள் மறுப்பு பேசும் தொழிற்சங்கத் தலைவரான அப்பா சண்முகம் (பார்த்திபன்) என்று யாரையும் விட்டுவைப்பதில்லை. கடைசியில் தெரியவருவது, நிலாவைச் சீரழித்தவர் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்த சித்தப்பா குணா (குமரவேல்). அதைவிட பெரிய அதிர்ச்சி, சிறுவயதில் நந்தினிக்கும் அவரால் அதே கொடுமை நடந்திருக்கிறது என்பது. நந்தினி அவரைச் சுட்டுக் கொல்கிறார்.

'ட்விஸ்ட்டுக்காக வச்சதா?'

பார்வையாளர்கள் இரண்டு பக்கமாகப் பிரிவது இங்கேதான். 'கடைசி நேரத்துல ஒரு ஃப்ளாஷ்பேக்கைக் கொண்டுவந்து முடிச்சுட்டாங்க' என்பது ஒரு தரப்பு. 'அந்த ஃப்ளாஷ்பேக்தான் மொத்தத் தொடருமே' என்பது இன்னொரு தரப்பு.

முதல் தரப்பின் ஆதங்கத்திலும் நியாயம் உண்டு. ஒரு பாத்திரத்தின் வலியை அதிர்ச்சி கொடுப்பதற்காக மட்டும் ஒளித்துவைக்கும் தொடர்கள் ஏராளம். ஆனால் 'சுழல்' விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குணா எங்கிருந்தோ திடீரென்று வந்தவர் இல்லை. நம் கண்முன்னாலேயே இருந்தார், நாம்தான் சந்தேகப்படவில்லை. அந்தக் குடும்பம் செய்த அதே தப்பை, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாமும் செய்திருக்கிறோம்.

நிஜத்தில் எப்படி?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், போக்சோ சட்டத்தில் வன்கொடுமைக்காகப் பதிவாகும் வழக்குகளில் 90%-க்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர் என்று யாராகவும் இருக்கலாம்.

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22%. அவர்களில் பெரும்பாலானோர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சரி, ஏன் சொல்வதில்லை?

இப்படிப்பட்டவர்கள் முதலில் சம்பாதிப்பது நம்பிக்கையை. குழந்தையிடம் மட்டுமல்ல, மொத்தக் குடும்பத்திடமும். இதைத்தான் குரூமிங் என்கிறார்கள். 'சித்தப்பா தங்கமானவர்' என்று வீடே நம்பும்போது, எட்டு வயசுக் குழந்தையின் பேச்சு எடுபடுமா? நடந்ததைச் சொல்ல அந்த வயதில் வார்த்தையும் இருக்காது. கூடவே பயம், 'தப்பு நம்ம மேலதானோ' என்ற குழப்பம், சொன்னால் குடும்பம் உடைந்துவிடும் என்ற மிரட்டல். இவ்வளவும் சேர்ந்தால் அந்த மௌனம் வருஷக்கணக்கில் நீளும்.

அதனால் 'ஏன் சொல்லல?' என்பது கேட்பவருக்குச் சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். பாதிக்கப்பட்டவர் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். அதற்குப் பதில், 'சொல்ற மாதிரி நாம இருந்தோமா?' என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

துப்பாக்கிதான் தீர்வா?

நந்தினி சுடும் காட்சியில் 'சரியாத்தான் செஞ்சா' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 2025 பிப்ரவரி 28-ல் வெளியான இரண்டாவது சீசனில் நந்தினி சிறையில் இருக்கிறார். குற்றம் செய்தவர் போய்விட்டார். சிறையில் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பது பாதிக்கப்பட்டவர்.

நிஜத்தில் வேறு வழி இருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் அனைவருக்கும் பொருந்தும். அதில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

* குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ வைத்து வாங்கலாம். வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது.

* குற்றம் நடந்தது தெரிந்தவர்கள் புகார் அளிக்க வேண்டும் என்பது சட்டப்படி கட்டாயம்.

* உறவினரே வன்புணர்வில் ஈடுபட்டால் குற்றம் இன்னும் கடுமையானது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இதற்குக் குறைந்தபட்ச தண்டனையே 20 ஆண்டுகள்.

* சிறுவயதில் நடந்ததை வளர்ந்த பிறகும் புகாராகச் சொல்லலாம். போக்சோவில் புகாருக்குக் காலவரம்பு இல்லை என்பதை 2018-ல் மத்திய அரசே தெளிவுபடுத்தியது. சட்டம் வருவதற்கு முன்பு நடந்த குற்றம் என்றால் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தும்.

உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

நிலா பேசாமலே போய்விட்டாள். நந்தினி பேசுவதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. இந்தத் தொடரை வீட்டில் சேர்ந்து பார்த்தவர்கள் 'கொலையாளி யாரு' என்பதோடு நிறுத்திவிடாமல், 'உனக்கு யாராலயாவது சங்கடமா இருந்தா என்கிட்ட சொல்லு, நான் நம்புவேன்' என்று வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். நந்தினிக்கு அந்த வயதில் தேவைப்பட்டது அந்த ஒரு வார்த்தைதான்.