வாசலிலேயே மறுக்கும் மெயில் சர்வர்

1978 மே மாதம், டெக் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துவெர்க், தங்கள் புதிய கணினிகளைப் பார்க்க வரும்படி இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். ஸ்பேமின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்ற மின்மடல் நெறிமுறையில், அனுப்புநர் தன் முகவரியாக எதைச் சொன்னாலும் சர்வர் நம்பிவிடும். ஒருவருக்கொருவர் அறிமுகமான சிறு வட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. சென்ட்மெயில் மென்பொருளும் முன்பின் தெரியாதவர் கொடுத்த மடலை வேறு யாருக்கோ கொண்டுசேர்த்தது. ஸ்பேம் அனுப்புவோர் இந்தத் திறந்த ரிலேக்களைச் சுரண்டினார்கள். 1998-இல் வந்த சென்ட்மெயில் 8.9 பதிப்பு, நிறுவும்போதே ரிலே மூடியிருக்கும்படி மாற்றியது. பெரும்பாலோர் முன்னிருப்பு அமைப்பை மாற்றுவதில்லை என்பதால், பாதுகாப்பு அங்கேயே இருந்தாக வேண்டும்.

இன்றைய சர்வர் படிப்படியாகச் சோதிக்கிறது. இணைப்பு வந்ததும் அந்த ஐ.பி. முகவரி ஸ்பேம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்களில் இருக்கிறதா என்று டி.என்.எஸ். வழியே கேட்கிறது. பெறுநர் தன்னிடம் இல்லாதவர் என்றால் 550 என்ற பிழைக் குறியீட்டோடு மறுக்கிறது. 2003-இல் ஈவன் ஹாரிஸ் முன்வைத்த கிரேலிஸ்டிங் முறையில், புதியவரிடம் 'பிறகு வா' என்று தற்காலிகமாக மறுக்கிறது. முறையான சர்வர் மடலை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் முயலும். ஸ்பேம் நிரல்கள் பல அப்படிக் காத்திருப்பதில்லை. ஆனால் அவசரமாக வர வேண்டிய ஓ.டி.பி.யும் இதனால் தாமதமாகலாம்.

அடுத்தது அனுப்புநர் முகவரியின் டொமைனைச் சோதிப்பது. அனுப்பும் சர்வருக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்பதை எஸ்.பி.எஃப். சொல்கிறது. டொமைனின் கையொப்பம் சரிதானா என்பதை டி.கே.ஐ.எம். சொல்கிறது. சோதனையில் தேறாத மடலை என்ன செய்வது என்ற டொமைன் உரிமையாளரின் விருப்பத்தை டிமார்க் தெரிவிக்கிறது. கடைசியாக ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி மடலின் அடையாளங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. வழக்கமான அமைப்பில் 5 எட்டினால் அது ஸ்பேம்.

மறுப்பதானால், மடலை ஏற்பதற்கு முன்பே, இணைப்பு திறந்திருக்கும்போதே மறுக்க வேண்டும். ஏற்றபின் திருப்பி அனுப்பினால், ஸ்பேமில் இருப்பது பெரும்பாலும் போலி முகவரி என்பதால், சம்பந்தமில்லாத ஒருவரின் பெட்டியில் அது போய் விழும். இணைப்பிலேயே மறுத்தால், உண்மையாக எழுதியவருக்கு அவருடைய சர்வரே செய்தி சொல்லிவிடும். சத்தமில்லாமல் மடலை அழிப்பதில் அந்த நேர்மை இல்லை.

போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரை நிறுவுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு புதிய விதியையும் முதலில் எச்சரிக்கையாக மட்டும் லாகில் பதியவிட்டுச் சில நாள் கவனியுங்கள். நல்ல மடல்கள் சிக்கவில்லை என்று உறுதியானதும் மறுப்பாக மாற்றுங்கள். மறுப்பில் காரணத்தையும் எழுதுங்கள். தவறாகத் தடுக்கப்பட்டவர் முறையிட போஸ்ட்மாஸ்டர் முகவரியை எப்போதும் திறந்தே வையுங்கள்.