கோவாச்சிட்சா: நிலமும் குடிகளும்

ஸெர்பியா தேசத்தின் வடபாகமாகிய வோய்வோதினா மாகாணத்தில், தலைநகரான பெல்கிரேடுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தில் கோவாச்சிட்சா நகராட்சி அமைந்துள்ளது. பெயரளவில் நகராட்சியாயினும், எட்டு ஊர்கள் கொண்ட விவசாயப் பிரதேசமே அது. விஸ்தீரணம் 419 சதுர கிலோமீட்டர்.

பண்டைக்காலத்தில் காற்று வாரிக் கொணர்ந்து படிவித்த மெல்லிய புழுதியே இப்பூமிக்கு ஆதாரம். அதன்மேல் புல்வெளிகள் நெடுங்காலம் மக்கி உண்டான கறுப்பு மண் படர்ந்திருக்கிறது. நமது கரிசலைப்போல் கறுத்திருப்பினும், இதன் கறுமைக்குக் காரணம் மக்கிய சத்து மிகுதியே. கரிசலைப்போல் இது ஆழப் பிளப்பதில்லை. மக்காச்சோளம், கோதுமை, சூரியகாந்தி ஆகியவை முக்கியப் பயிர்கள். கோஷவா என்னும் தென்கீழ்க்காற்று மேல்மண்ணை உலர்த்திவிடும். 2012-ல் மாகாணமெங்கும் மழை பொய்த்து மக்காச்சோளம் மிகவும் சேதமுற்றது.

இத்வோர் கிராமத்தில் பிறந்த மிஹைலோ பூபின் பிற்காலத்தில் அமெரிக்காவில் பெயர்பெற்ற விஞ்ஞானியானவர். சிறுவயதில் இரவு நேரங்களில் எருதுகளைக் காவல் காத்தபோது, தரையில் கத்தியைக் குத்திக் காது வைத்துக் கேட்பாராம். இறுகிய மேய்ச்சல் தரையில் ஒலி நன்கு செல்வதையும் உழுத நிலத்தில் மங்குவதையும் அப்போதே கண்டதாக, 1924-ல் புலிட்ஸர் பரிசு பெற்ற தம் சுயசரிதையில் கூறியுள்ளார்.

1718-ல் துருக்கியரிடமிருந்து இப்பகுதி ஆஸ்திரிய அரசின் வசமாயிற்று. யுத்தங்களால் ஜனங்கள் அருகியிருந்த எல்லைப்புறத்தில் குடியேற்றம் ஊக்குவிக்கப்பட்டது. எல்லைக் காவல் சேவைக்கு ஈடாக நிலம் அனுபவிக்கும் ஏற்பாடு 1870-களில்தான் ஒழிந்தது. ஸ்லோவாக்கியர் 1802-ல் கோவாச்சிட்சாவிலும் 1806-ல் பாதினாவிலும் குடியமர்ந்தனர். தெபெல்யாச்சா ஹங்கேரியர் ஊர். உஸ்தின் ருமேனியர் ஊர். ஏனைய நான்கும் பெரும்பாலும் ஸெர்பியர் ஊர்கள். ரோமா இனத்தாரும் உளர். 2011-ஆம் வருஷக் கணக்கின்படி ஸ்லோவாக்கியர் பத்தில் நான்கு பங்கினர். ஸெர்பியர் மூன்றிலொரு பங்கினர். ஸெர்பியம், ஸ்லோவாக், ஹங்கேரியம், ருமேனியம் ஆகிய நான்கும் நகராட்சியின் உத்தியோக பாஷைகள். இந்நாட்டுக் கிராம அதிகாரிகள் ஒரு பாஷையில் எழுதும் விளம்பரத்தை அங்கே நான்கில் எழுத நேரிடும்.

ஊருக்கு ஊர் தாய்மொழி காக்கப்பட்டதே இக்குடிகள் இரு நூற்றாண்டுகளாய்த் தனித்தன்மையுடன் நிலைத்தமைக்கு முக்கிய காரணம் எனலாம். இப்பொழுதோ அதே மொழி வெளியே செல்ல வழியாகிறது. 2004-ல் ஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும், 2007-ல் ருமேனியாவும் ஐரோப்பிய ஐக்கியத்தில் சேர்ந்தன. முன்னோர் மொழியறிந்த வாலிபர்க்கு அத்தேசங்களில் படிப்பும் வேலையும் எளிதாயின. வெளிநாட்டிலுள்ள ஹங்கேரிய வம்சத்தார் எளிதில் குடியுரிமை பெற, ஹங்கேரி 2010-ல் சட்டமும் இயற்றிற்று. பிறப்புகளும் குறைந்தன. 2002-ல் 27,890 ஆக இருந்த நகராட்சியின் ஜனத்தொகை 2011-ல் 25,274 ஆகி, 2022-ல் 21,178 ஆயிற்று. இருபது வருஷத்தில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு போயிற்று. விளைச்சல் கணக்கை மட்டும் பார்ப்பவர்க்கு இந்நஷ்டம் புலப்படாது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் உள்ள இடத்தில், சிலரே பெருநிலத்தை உழுது அறுத்துவிடுகின்றனர்.