தொங்கா மக்களிடையே மறைப்பணி: அன்றாட வாழ்வும் வழக்காறுகளும்

முன்னுரை

யாழ்ப்பாணத்தில் 1814ஆம் ஆண்டு பணி தொடங்கிய வெஸ்லியன் மறைப்பணியாளர்களைத் தமிழாய்வாளர் நன்கறிவர். பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கியது அப்பணியின் ஒரு கூறாகும். அதே வெஸ்லியன் இயக்கம் தென் பசிபிக்கிலுள்ள தொங்காத் தீவுகளிலும் பணியாற்றியது. அங்குச் சென்றவர்கள் அம்மக்களோடு எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வழக்காறுகளை எதிர்கொண்டனர், அவற்றுள் எவை மாறின, எவை நிலைத்தன என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வருகையும் தொடக்கக் காலமும்

தொங்கா ஏறத்தாழ 170 தீவுகளைக் கொண்ட முடியாட்சி நாடு. தொங்காதாப்பு, ஹஆபாய், வவாவு ஆகியன அதன் முதன்மையான தீவுக் கூட்டங்கள். தலைநகர் நுக்குஅலோஃபா. 1797இல் 'டஃப்' என்னும் கப்பலில் இலண்டன் மறைப்பணிச் சங்கத்தினர் பதின்மர் இங்கு வந்திறங்கினர். 1799இல் மூண்ட உள்நாட்டுப் போரில் அவர்களுள் மூவர் கொல்லப்பட்டனர். எஞ்சியோருள் பெரும்பாலோர் 1800இல் வெளியேறினர். 1822இல் வந்த வெஸ்லியன் போதகர் வால்டர் லாரியும் பதினான்கு மாதங்களே தங்கினார்.

1826இல் வந்த ஜான் தாமஸ் ஓர் இரும்புக் கொல்லர். ஹிஹிஃபோ பகுதியில் அவருக்குத் தங்க இடமளித்த தலைவர் அத்தா, இறுதிவரை மதம் மாற இசையவில்லை. மறுபுறம், நுக்குஅலோஃபாவில் தஹித்தித் தீவினர் இருவர் முன்னரே வழிபாடு நடத்திக்கொண்டிருந்தனர். ஹஆபாய்க்குப் புதிய சமயத்தைக் கொண்டு சென்றவர்களுள் முன்னோடியானவர் பித்தா வீ என்னும் தொங்கர். 1831இல் ஹஆபாயின் தலைவர் தௌஃபாஅஹாவு திருமுழுக்குப் பெற்று, பின்னர் முதலாம் ஜார்ஜ் துப்போ மன்னரானார். ஆகவே, தொங்காவின் சமய மாற்றத்தை வெள்ளையரின் சாதனையாக மட்டும் கருதுவது பொருந்தாது. தீவினரே தீவினர்க்குப் போதித்தனர். தலைவர்களின் அரசியல் முடிவுகளும் அதில் பெரும்பங்கு வகித்தன.

மொழியும் மரியாதையும்

போதிக்க வந்தவர்கள் முதலில் மாணவர்களாக வேண்டியிருந்தது. தொங்க மொழியில் மன்னர், தலைவர், பொதுமக்கள் ஆகிய மூன்று நிலையினர்க்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. உண்ணுதல் என்னும் ஒரே செயல் பொதுமக்களைக் குறிக்கையில் 'கை', தலைவரைக் குறிக்கையில் 'இலோ', மன்னரைக் குறிக்கையில் 'தௌமஃபா' என வழங்கும். எனவே ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவருடைய தகுதியை அறிந்திருத்தல் இன்றியமையாதது. இறைவனை விளிப்பதற்கு மன்னர்க்குரிய சொற்களே பயன்படலாயின. இதனால் புதிய இறைவன் தொங்க சமூகப் படிநிலையின் உச்சியிலேயே இடம்பெற்றார். மறைப்பணியாளரான சர்ச்வார்ட் 1953இல் இலக்கண நூலையும் 1959இல் அகராதியையும் வெளியிட்டார். அவை இன்றும் அம்மொழி ஆய்வுக்கு அடிப்படையாக விளங்குகின்றன.

உணவு, உடை, ஓய்வுநாள்

வள்ளிக்கிழங்கு, சேம்பு, தேங்காய், மீன் ஆகியவை தொங்கரின் முதன்மை உணவு. நிலத்தில் குழி தோண்டி, காய்ச்சிய கற்களின் மேல் உணவுப் பொதிகளை வைத்து மூடிச் சமைக்கும் முறை 'உமு' எனப்படும். இது பெரும்பாலும் ஆண்களின் பணி. சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் வைத்துக் கட்டிய 'லூ' இதில் சிறப்பிடம் பெறும். ஞாயிறன்று காலையில் உமுவை மூடிவிட்டுக் கோவிலுக்குச் செல்வர். திரும்பி வருகையில் உணவு வெந்திருக்கும். 1875ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஓய்வுநாளைப் புனிதமானதாக அறிவித்து, அன்று தொழிலும் வணிகமும் செய்வதைச் சட்டம் இசைவளித்தவை நீங்கலாகத் தடை செய்தது. புதிய சமயத்தின் ஒழுங்கு பழைய அடுப்போடு முரண்படாமல் பொருந்தியது.

தாழை ஓலையில் முடைந்த பாயை இடையில் சுற்றிக் கயிற்றால் கட்டும் 'தாஓவாலா' மரியாதைக்குரிய உடையாகும். கோவிலுக்கும் அரசு நிகழ்ச்சிகளுக்கும் அதனை அணிவர். துக்க காலத்தில் பழைய, கிழிந்த பாயை அணிவது வழக்கம். மிளகுக் குடும்பத் தாவரத்தின் வேரிலிருந்து ஆக்கப்படும் 'காவா' பானத்தைத் தகுதி வரிசையில் அமர்ந்து அருந்தும் சடங்கும் அழியவில்லை. தலைமைப் பட்டம் சூட்டும் விழாவில் அது இன்றியமையாத அங்கமாகும்.

உறவுமுறையும் சட்டமும்

தொங்கக் குடும்பத்தில் உடன்பிறந்தாருள் தகுதியில் உயர்ந்தவர் பெண்ணே. தந்தையின் உடன்பிறந்தாளாகிய அத்தைக்கு ஈமச் சடங்கில் முதன்மையான இருக்கையும் சிறந்த பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் உரியன. 'ஃபஹு' எனப்படும் உரிமையுடைய இவ்வுறவினரின் கோரிக்கையைத் தட்டலாகாது. தாயின் உடன்பிறந்தானைத் தொங்கர் 'ஆண் தாய்' என்னும் பொருள்படும் சொல்லால் குறிப்பர். அவர் தம் உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்கு என்றும் கடமைப்பட்டவர். நம் தாய்மாமன் சீர் இதனை நினைவூட்டினும், அங்கு அதற்கு அடிப்படையாக அமைவது உடன்பிறந்தாளின் உயர்தகுதி என்பது கவனிக்கத்தக்கது.

ஆணைக் குடும்பத் தலைவனாகக் கொண்ட ஐரோப்பிய நோக்கில் இவ்வமைப்பு எளிதில் விளங்குவதன்று. மறைப்பணியாளர் ஷர்லி பேக்கரின் துணையுடன் உருவான 1875ஆம் ஆண்டு அரசியலமைப்பும் அதனைத் தொடர்ந்த நிலச் சட்டங்களும் வாரிசுரிமையில் ஆண்வழிக்கே முதன்மை அளித்தன. விளைவாக, சடங்கில் உயர்ந்து நிற்கும் பெண் நில உரிமையில் பின்தங்கினாள். மறைப்பணிக் காலம் விட்டுச்சென்ற முரண்பாடுகளுள் இது மிகக் கூர்மையானது.

முடிவுரை

தொங்காவில் மறைப்பணியால் வழிபாடும் சட்டமும் எழுத்தும் மாறின. எனினும் உமு, தாஓவாலா, காவா, அத்தையின் தகுதி ஆகியன புதிய சமயத்தோடு இணைந்தே நிலைத்தன. இக்காலத்தைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி, கற்பிக்க வந்தோர் எழுதிய குறிப்புகளிலிருந்தே கிடைக்கிறது. அவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்தோரும் உணவளித்தோரும் அக்குறிப்புகளில் பெரும்பாலும் பெயரின்றி நிற்கின்றனர். தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் மறைப்பணியாளர் எழுதிய நூல்களை வகுப்பறையில் கற்பிக்கும் நாமும், அவர்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் யாவர் என்னும் வினாவை மாணவர்முன் வைத்தல் வேண்டும்.