கைவிட்ட கிணற்றில் யார் குடியிருப்பது?

குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற வழியில், புங்குடுதீவின் உள்ளொழுங்கைகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏராளம். வீட்டுக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிறார்கள். வளவும் கிணறும் இங்கே கிடக்கின்றன. தீவுக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர், அள்ளுவாரும் இல்லை. அந்தக் கிணறுகளுக்குள் எந்த உயிர் வளர்கிறது என்பதில் ஊரின் சுகாதாரம் பெருமளவு தங்கியிருக்கிறது.

டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் பெருகும் என்றே நீண்டகாலம் நம்பப்பட்டது. ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் எஸ். என். சுரேந்திரன் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் கைவிட்ட கிணறுகள், பழுதான படகுகள், எறிந்த பிளாஸ்ரிக் பாத்திரங்களில் தேங்கிய உவர்நீரிலும் ஏடிஸ் குடம்பிகள் இருந்தன. லீற்றருக்குச் சுமார் 15 கிராம் உப்பு இருந்த நீரிலும் அவை வளர்ந்தன. கடல்நீரில் இருப்பது சுமார் 35 கிராம். நான்கு பக்கமும் உப்புக் காற்று வீசுகிற தீவுகளுக்கு இதைவிட முக்கியமான நுளம்புச் செய்தி இல்லை என்பேன்.

அடுத்தது மலேரியா. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற புதிய நுளம்பு பிடிபட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். சென்னையின் கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் வளர்ந்து நகரத்துக்குள் மலேரியாவைப் பரப்புவது இதுதான். ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் 2012இல் இந்த நுளம்பைக் கண்டபோது ஆண்டுக்கு 27 மலேரியா நோயாளிகள் பதிவாகியிருந்தார்கள். 2020இல் அந்தத் தொகை 73,000ஐத் தாண்டியது. நமது நாட்டில் இப்போது மலேரியா ஒட்டுண்ணி இல்லை, அதைப் பரப்பும் காவி நுளம்பு இருக்கிறது. வெளிநாட்டில் தொற்றி வரும் ஒருவரின் இரத்தத்தில் ஒட்டுண்ணி வந்து சேரலாம். ஆகவே காய்ச்சலோடு ஊர் திரும்புகிறவரைப் பரிசோதிப்பதும் காவியைப் பெருகவிடாமல் வைத்திருப்பதும்தான் காவல்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்போம். வெப்பமான தண்ணீரில் நுளம்பு முட்டையிலிருந்து முழுநுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் குடம்பியை உண்ணும் தும்பிக் குடம்பிக்கு வளர ஒரு மாதத்துக்கு மேல் வேண்டும். தும்பிக் குடம்பி கீழுதட்டை மடித்து வைத்திருந்து, இரை கிட்ட வந்ததும் சட்டென நீட்டிக் கவ்வும். நீர்ப்பூச்சிகளும் மீன்குஞ்சுகளும் இதே வேட்டையைச் செய்கின்றன. வேட்டைக்காரர் குடியேறிய பழைய குளத்தில் நுளம்பு முட்டையிட்டாலும் முழுநுளம்பாகத் தப்புவது கொஞ்சம்தான். மழை முடிந்த மறுநாள் நிரம்பிய தயிர்க் கோப்பை, சிரட்டை, மூடாத தண்ணீர்த் தாங்கி இவற்றிலோ வேட்டைக்காரர் வந்து சேருமுன் நுளம்பு பறந்துவிடும். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நயினாதீவுத் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் துறையால் போய்வரும் கூட்டம் விட்டுச்செல்லும் பிளாஸ்ரிக் கோப்பைகளை அடுத்த மழைக்கு முன் பொறுக்கியாக வேண்டும் என்பது இதனால்தான்.

பூச்சிமருந்தை எல்லா நீரிலும் ஊற்றுவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. பல மருந்துகள் தும்பிக் குடம்பியையும் சேர்த்தே கொல்லும். மருந்தின் வீரியம் குறைந்ததும் முதலில் திரும்பி வருவது நுளம்புதான்.

நுளம்பைக் கட்டுப்படுத்தும் உயிர்கள் குறைந்தால் நோய் கூடும் என்ற தொடர்பை நாட்டளவில் காட்டிய சம்பவம் மத்திய அமெரிக்காவில் நடந்தது. 1980களிலிருந்து கொஸ்ரா ரிக்காவிலும் பின்னர் பனாமாவிலும் ஒரு பங்கசு நோய் தவளைகளை அழித்துக்கொண்டே நகர்ந்தது. தவளை அழிந்த இடங்களில் அடுத்துவந்த ஆண்டுகளில் மலேரியா கூடியது. உச்சத்தில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர் மேலதிகமாக நோயுற்றதாக 2022இல் வெளியான ஆய்வு கணித்தது.

எல்லா நோயும் நுளம்போடு முடிவதில்லை. 2024 டிசெம்பரில், வெள்ளத்தின் பின்னால் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் காவுகொண்ட எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் பரவுவது. வயல் எலியைத் தின்னும் சாரைப்பாம்பைக் கண்ட இடத்தில் அடிக்கிறோம். கூகையை அபசகுனம் என்று துரத்துகிறோம். அவை இருந்தால் நோயே வராது என்று சொல்லமாட்டேன். வௌவாலிடமிருந்து நிபா வைரஸ் மனிதருக்குத் தொற்றியதை 2018இல் கேரளம் கண்டது. காட்டுயிர் நோயையும் சுமக்கும். ஆனால் எலியும் நுளம்பும் நாம் குழப்பிவைத்த இடங்களில் செழிப்பவை. அவற்றைத் தின்னும் உயிர்கள் அந்தக் குழப்பத்தில் முதலில் காணாமற்போகின்றன.

அப்படியானால் கிணற்றுக்கு என்ன செய்வது? ஆளில்லா வளவுக் கிணற்றை நுளம்பு புகாத வலையால் மூடலாம். மூட முடியாததில் மீன் விடலாம். எந்த மீன் என்பது முக்கியம். கப்பி மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அடைபட்ட கிணற்றோடு அது நிற்கவேண்டும். மாரி வெள்ளத்தில் ஒன்றோடொன்று கலக்கும் நெடுந்தீவின் குளங்களிலும் துரவுகளிலும் அதை விடக்கூடாது. நுளம்பை ஒழிக்கவென்று உலகமெங்கும் கொண்டுபோய் விட்ட கம்பூசியா மீன், பல நாடுகளில் உள்ளூர் மீன்குஞ்சுகளையும் தவளை முட்டைகளையும் தின்று தீர்த்தது. இலங்கையின் தாழ்நில நீர்களில் தலையில் வெள்ளைப் பொட்டோடு நீர்மட்டத்தை ஒட்டியே திரியும் ஒரு நாட்டுச் சிறுமீன் உண்டு. அதுவும் குடம்பி தின்னும். முதலில் அதைத் தேடுங்கள்.